படுத்தவர்களை எழுப்பிய டாக்டர் அம்மாள்

1935-ஆம் ஆண்டு. லண்டன் மாநகரின் மேற்குப் புறத்தில் ஐல்வொர்த் என்று ஓர் ஊர். அங்கே மேற்கு மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி என்னும் பெரிய வைத்தியசாலை. அதை ஒட்டினாற்போல் மற்றொரு பழைய கட்டடம். அந்தக் கட்டடத்தின் பெயரைக் கேட்டாலே அக்கம்பக்கத்து ஏழை ஜனங்களுக்கு நெஞ்சு கலங்கும். வயோதிக காலத்தில் அங்கே போய்ச் சேரும் கதி தங்களுக்கு வரக்கூடாதே என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அங்கே 714 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் கிழவர்கள், கிழவிகள். சிலர் மாதக்கணக்காகவும், சிலர் வருஷக்கணக்காகவும் கட்டிலை விட்டு இறங்காதவர்கள். அவர்களுக்கு என்ன நோய் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர்: நாட்பட்ட நோயாளிகள். சோறு கொடுப்பார்கள், துணி மாற்றுவார்கள், மற்றபடி காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் இந்த 714 பேருடைய பொறுப்பும் பக்கத்து ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஒரு டாக்டரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஒரு மாது. வயது நாற்பதை எட்டவில்லை. முதியோர் வைத்தியம் என்று தனியாக ஒரு பிரிவு அன்றைய பிரிட்டனில் இல்லை. ஆகையால் இந்த வேலையில் பெயரோ புகழோ கிடைக்கும் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது. விதியே என்று ஏற்றுக்கொண்டு, நாளுக்கு ஒரு முறை வார்டைச் சுற்றி வந்திருந்தாலும் அவரை ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் அவர் வேறு விதமாக ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டிலாகச் சென்று, அதில் படுத்திருப்பவர் ஏன் படுத்திருக்கிறார் என்று பரிசோதிக்கத் தொடங்கினார்.

அவர்தான் டாக்டர் மார்ஜரி வாரன். பிரிட்டிஷ் முதியோர் மருத்துவத்தின் தாய் என்று பின்னாளில் வைத்திய உலகம் கொண்டாடிய அம்மையார்.

ஐந்து பெண்களில் மூத்தவர்

மார்ஜரி வின்சம் வாரன் 1897-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி லண்டனில் பிறந்தார். ஐந்து பெண்கள் இருந்த குடும்பத்தில் அவரே மூத்தவர். பெண்களின் கல்விக்கு வழிகாட்டிய வடக்கு லண்டன் கலாசாலைப் பள்ளியில் படித்தார். பெண்கள் டாக்டராவது அபூர்வமாக இருந்த காலம் அது. 1874-ல் ஆரம்பிக்கப்பட்ட லண்டன் மகளிர் வைத்தியக் கல்லூரி அதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அந்தக் கல்லூரி மாணவிகள் ராயல் ப்ரீ ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறுவார்கள். மார்ஜரியும் அந்த வழியே சென்று 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1926-ல் ஐல்வொர்த் வைத்திய விடுதியில் உதவி டாக்டராக வேலைக்கு அமர்ந்தார். அதுவே பிறகு மேற்கு மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அம்மையாரும் அதனோடு வளர்ந்து, உதவித் தலைமை டாக்டர் பதவிக்கு வந்தார். அவருக்கு ஆரம்பத்தில் ஈடுபாடு சத்திர சிகிச்சையில்தான். கிழவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அவர் கிளம்பி வரவில்லை. அந்த வேலை அவரைத் தேடி வந்தது.

வேலைக்கூடத்தின் நிழல்

பக்கத்துக் கட்டடத்துக்கு ஏன் அத்தனை கெட்ட பெயர்? அதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

1834-ல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் திருத்தப்பட்டது. பிழைக்க வழியற்றவர்களுக்கு வீட்டில் இருந்தபடியே உதவி கிடைப்பது அரிதாயிற்று. வேலைக்கூடம் என்ற விடுதிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் சோறு. அந்த விடுதியின் வாழ்க்கை வெளியே உள்ள மிக ஏழைக் கூலியின் வாழ்க்கையைவிட வசதியாக இருந்துவிடக்கூடாது என்பது சட்டம் செய்தவர்களின் கொள்கை. புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். நாளடைவில் உடல் வலுவுள்ளவர்கள் வெளியேற, வயதானவர்களும் வியாதிக்காரர்களுமே அங்கே மிஞ்சினார்கள்.

1930-ல் இந்த விடுதிகள் கவுண்டி சபைகளின் கைக்கு மாறின. நிர்வாகம் மாறியதே தவிர, உள்ளே இருந்த கட்டில்கள் மாறவில்லை. ஐல்வொர்த் கட்டடத்தை 1935-ல் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டபோது அதில் மொத்தம் 874 பேர் இருந்தார்கள். பிரசவத்துக்கு வந்தவர்கள் 16 பேர். மனநோய்க் கண்காணிப்பில் இருந்தவர்கள் 144 பேர். இவர்களை நீக்கினால் மிச்சம் 714. இந்த எண்ணிக்கைதான் வாரன் அம்மையாரின் பெயரோடு சேர்ந்து வைத்திய சரித்திரத்தில் நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கதை

பரிசோதனையில் அம்மையார் கண்டது என்ன?

பாரிசவாயு வந்தவரும், மூட்டுப் பிடிப்பு உள்ளவரும், இருதயக் கோளாறு உள்ளவரும், புத்தி தடுமாறியவரும், கவனிக்க ஆளில்லாமல் வந்தவரும் ஒரே வார்டில் கலந்து கிடந்தார்கள். பலருக்கு நோய் இன்னதென்று ஒரு தடவைகூடச் சரியாகக் கணிக்கப்படவில்லை. குணப்படுத்தக்கூடிய கோளாறு உள்ளவர்களும் குணப்படுத்த முடியாதவர்களோடு சேர்ந்து படுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் கட்டிலுக்கு வந்தது ஒரு காரணத்தால். பிறகு எழுந்திருக்க முடியாமற் போனது வேறொரு காரணத்தால். அந்த இரண்டாவது காரணம் கட்டிலேதான்!

அம்மையார் அவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். எழுந்து நடமாடக்கூடியவர்கள் ஒரு வகை. படுக்கையில் இருந்தாலும் மலஜலக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இரண்டாவது வகை. அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மூன்றாவது. புத்தி தடுமாறினாலும் சாதுவாக இருப்பவர்கள் நான்காவது. புத்தி பேதலித்துப் பிறருக்குத் தொல்லை கொடுப்பதால் தனியே வைத்துக் கவனிக்க வேண்டியவர்கள் ஐந்தாவது. கடையில் சரக்கைத் தரம் பிரிப்பது போன்ற சாதாரண காரியந்தான். ஆனால் தரம் பிரித்த பிறகே யாருக்கு என்ன செய்யலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

காவல் என்று நினைத்த கட்டில்

வயதானவர்களைக் கட்டிலிலேயே வைத்திருப்பதற்கு அன்றைய நியாயம் ஒன்று உண்டு. இறக்கிவிட்டால் விழுந்துவிடுவார்கள், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், முறிந்தால் அதோடு முடிந்தது. படுத்திருந்தால் ஆபத்தில்லை. அன்பினால் சொல்லப்பட்ட நியாயந்தான். இன்றும் பல குடும்பங்களில் பிள்ளைகள் இதையே சொல்கிறார்கள்.

இந்த நியாயத்தில் உள்ள ஓட்டை எங்கே?

மனிதன் நிற்பது ஒரு பெரிய வித்தை. கண் ஒரு செய்தி சொல்கிறது. காதின் உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்பு ஒரு செய்தி சொல்கிறது. உள்ளங்காலும் கணுக்காலும் முழங்காலும் தரை எப்படி இருக்கிறது என்று மூன்றாவது செய்தி சொல்கின்றன. மூளை இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து, உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் மறு பக்கத்துத் தசையை இழுத்து நிமிர்த்துகிறது. நாம் அறியாமலே கணத்துக்குக் கணம் நடக்கும் வேலை இது.

படுத்தே கிடப்பவனுக்கு இந்த வேலை இல்லை. வேலை இல்லாத தசை மெலிகிறது. மடக்கியே வைத்திருக்கும் முழங்கால் நீட்ட வராமல் இறுகிப் போகிறது. கனத்த கம்பளி அழுத்துவதால் பாதம் கீழ்நோக்கித் தொங்கி, குதிகால் தரையில் பதிய மறுக்கிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைகிறது. திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலே, விழுந்துவிடுவோமோ என்ற பயம் மனத்தில் குடியேறுகிறது.

ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்து அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். அதன் முடிவு 2007-ல் வெளியாயிற்று. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்துவிட்டது! நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், நோயோடு வருஷக்கணக்கில் கிடந்தவர்களின் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, விழாமல் காப்பாற்றுவதாகச் சொல்லும் அதே கட்டில், என்றைக்காவது எழுந்தால் விழுந்தே தீரும்படி மனிதனை ஆக்கிவிடுகிறது. இந்த ஆராய்ச்சிகள் எதுவும் வெளிவராத காலத்திலேயே வாரன் அம்மையார் இதைக் கண்டுகொண்டார். படுக்கைப் புண், மடங்கிய மூட்டு, மந்தமான மனம், எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றை மூப்பின் குணங்கள் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவை மூப்பைக் கவனியாமல் விட்டதன் விளைவுகள் என்று முடிவு செய்தார்.

படிப்படியாக ஒரு பயணம்

பிறகு அவர் செய்தது என்ன? மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து அது. எழுந்து உட்காரும் அப்பியாசம், நிற்கும் அப்பியாசம், நடக்கும் அப்பியாசம்.

வருஷக்கணக்கில் படுத்தவரை ஒரே நாளில் நடத்த முடியாது. நடத்தினால் விழத்தான் செய்வார். முதலில் படுக்கையில் இருந்தபடியே கை கால்களை அசைக்க வேண்டும். அடுத்தது கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது. உட்கார்ந்த நிலையில் சாயாமல் இருக்கப் பழகுவதே பாரிசவாயுக்காரருக்கு ஒரு பெரிய பாடம். பிறகு பற்றிக்கொண்டு நிற்பது. நின்ற இடத்திலேயே உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. அதன் பிறகு ஓர் அடி, இரண்டு அடி. குழந்தை ஒரு தடவை கற்றதை மனிதன் இரண்டாம் தடவை கற்க வேண்டியிருக்கிறது.

இது டாக்டர் ஒருவரே செய்யக்கூடிய வேலை அல்ல. பிசியோதெரபி எனப்படும் உடற்பயிற்சி வைத்தியம் அறிந்தவர் வேண்டும். கைத்தொழில் மூலம் பயிற்சி தருபவர் வேண்டும். வீட்டு நிலைமையை விசாரித்து ஏற்பாடு செய்யும் சமூக ஊழியர் வேண்டும். பொறுமையுள்ள நர்சுகள் வேண்டும். இவர்கள் எல்லோரும் ஒரு குழுவாக வேலை செய்ய வேண்டும் என்பது அம்மையாரின் திட்டம். இன்றைக்கு இது எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. அன்றைக்குப் புதுமை. அதிலும், சாகக் காத்திருக்கும் கிழவர்களுக்காக இத்தனை பேரா என்று கேட்கப்பட்ட காலம்.

பாரிசவாயு வந்தவர்களிடம் அவர் தனிக் கவனம் செலுத்தினார். காலத்தோடு உட்கார வைத்து, காலத்தோடு நிற்க வைத்தால் பலர் மீண்டும் நடப்பார்கள் என்று கண்டார். கால் துண்டிக்கப்பட்ட முதியவர்களையும் அவர் விடவில்லை. வயதாகிவிட்டது, இனிக் கட்டைக்கால் எதற்கு என்ற பேச்சை ஏற்காமல், அவர்களுக்கும் செயற்கைக் கால் பொருத்தி நடைப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று எழுதினார்.

வார்டும் வைத்தியமே

நோயாளி நடக்க வேண்டும் என்றால் நடக்க மனம் வரவேண்டும். இருட்டான, அழுக்கு நிறச் சுவர்களுக்கு நடுவே யாருக்கு மனம் வரும்? ஆகவே அம்மையார் வார்டின் மேலும் கண் வைத்தார்.

சுவர்களுக்குப் பளிச்சென்று பாலேட்டு நிறம் பூசச் செய்தார். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார். நல்ல மெத்தைகளும், கட்டில் பக்கத்தில் சாமான் வைக்கும் சிறு அலமாரிகளும், ரேடியோ கேட்கும் கருவிகளும் வந்தன. மங்கிய போர்வைகள் போய்ச் சிவப்புக் கம்பளிகள் வந்தன. நடைபாதையில் பற்றிக்கொள்ளக் கைப்பிடிக் கம்பிகள், எழுந்திருக்கத் தோதான கைவைத்த நாற்காலிகள், ஊன்றி நடக்க உதவும் சாதனங்கள் ஆகியவை முதியோர் வார்டுக்கு அவசியம் என்று வற்புறுத்தினார்.

அலங்காரம் போலத் தோன்றும் இவற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. மிகத் தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுவது பலமில்லாத தொடைக்குக் கஷ்டம். தள்ளாடி விழுவது அங்கேதான். மங்கிய வெளிச்சத்தில் கண் தரவேண்டிய செய்தி தடுமாறுகிறது. கைப்பிடி இருக்கிறது என்ற தைரியத்திலேயே கால் முன்னே போகிறது. சுவரும் விளக்கும் நாற்காலியும்கூட நோயாளியை நடத்தும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதனால் மாறியது நோயாளிகளின் மனம் மட்டுமல்ல. நர்சுகளின் மனமும் மாறியது. நேற்றுவரை படுத்திருந்தவர் இன்று எழுந்து உட்காருகிறார் என்றால், பார்த்துக்கொள்பவருக்கும் வேலையில் ஓர் அர்த்தம் பிறக்கிறது அல்லவா?

காலியான கட்டில்கள்

பலன் என்ன ஆயிற்று? இனி வெளியே போகமாட்டார்கள் என்று முடிவு கட்டப்பட்டவர்களில் பலர் வெளியே போனார்கள்! சிலர் சொந்த வீட்டுக்கும், சிலர் முதியோர் விடுதிக்கும் சென்றார்கள். 714 கட்டில் தேவைப்பட்ட இடத்தில் 240 கட்டில் போதும் என்ற நிலை வந்தது. அந்தக் கட்டில்களில் நோயாளிகள் வந்து குணமாகிப் போகும் வேகம் மும்மடங்காயிற்று. மிஞ்சிய கட்டில்கள் மார்பு நோய்க்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டன.

எல்லோரும் நடந்துவிடவில்லை. காலம் கடந்துவிட்டவர்களும் இருந்தார்கள். மூட்டுகள் நிரந்தரமாக மடங்கிப் போனவர்களை எந்த அப்பியாசமும் நிமிர்த்த முடியவில்லை. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், முதல் வாரத்திலேயே எழுப்பியிருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்ற பாடம் இன்னும் உறுதிப்பட்டது. வயதானவரைப் படுக்கையில் போடுவது சுலபம். போட்ட பிறகு எழுப்புவதுதான் கடினம்.

யுத்த காலத்தில் எழுந்த குரல்

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. குண்டு வீச்சில் காயப்படுபவர்களுக்காக ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காலி செய்யப்பட்டன. நாட்பட்ட நோயாளிகளைப் பல இடங்களுக்கும் அனுப்பினார்கள். அதுவரை கண்ணுக்கு மறைவாக இருந்த அவர்களுடைய அவல நிலை அப்போதுதான் நாடறியத் தெரிய வந்தது. யுத்த காலத்தில் நடத்தப்பட்ட ஆஸ்பத்திரிக் கணக்கெடுப்புகளும் அதை உறுதி செய்தன.

அந்த யுத்தத்தின் நடுவிலேதான் வாரன் அம்மையார் தம் அனுபவத்தை எழுத்தில் கொண்டு வந்தார். 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. 1946-ல் லான்செட் பத்திரிகையில் இன்னொரு கட்டுரை. அவற்றில் அவர் கேட்டவை மூன்று. நாட்பட்ட நோயாளிகளை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளாமல், எல்லா வசதியும் உள்ள பொது ஆஸ்பத்திரியிலேயே அவர்களுக்கு ஒரு பிரிவு வேண்டும். முதியோர் வைத்தியம் ஒரு தனித்துறையாக வேண்டும். வைத்திய மாணவர்களுக்கு அதை அனுபவமுள்ள டாக்டர்கள் கற்பிக்க வேண்டும்.

அதே கருத்து வேறு சில டாக்டர்களுக்கும் தோன்றியிருந்தது. எஸ்ஸெக்ஸ் மாகாணத்தில் ஆர்செட் என்னும் ஊரில் டாக்டர் லயனல் காஸின், விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்த முதியவர்களுக்குச் சத்திர சிகிச்சை செய்து சீக்கிரமே நடக்க வைத்தார். டாக்டர் ரிச்சர்ட் ஆஷர் என்பவர் 1947-ல், படுக்கையில் கிடப்பதால் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் விளையும் கேடுகளை விவரித்துப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதே 1947-ல் வாரன் அம்மையார், காஸின், ட்ரெவர் ஹோவெல் முதலிய சில டாக்டர்கள் கூடி முதியோர் பராமரிப்புக்கென ஒரு வைத்திய சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். அமுல்ரீ பிரபு அதன் முதல் தலைவர். 1959-ல் அது பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம் என்று பெயர் மாற்றம் பெற்றது.

1948 ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று. அதில் முதியோர் மருத்துவத்துக்கும் நிபுணர் பதவிகள் ஏற்பட்டன. ஒதுக்குப்புறக் கட்டடத்தில் ஆரம்பித்த வேலைக்கு அரசாங்கத்தின் அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

கடைசிப் பிரயாணம்

அம்மையாரின் புகழ் கடல் கடந்து பரவியது. பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் ஐல்வொர்த்துக்கு வந்து அவருடைய வார்டைப் பார்த்தார்கள். அவரும் வெளிநாடுகளுக்குச் சென்று பேசினார். ஆனாலும் அவருடைய இடம் ஐல்வொர்த்துதான். 1926-ல் சேர்ந்த ஆஸ்பத்திரியை அவர் கடைசி வரை விடவில்லை.

1960-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடக்கவிருந்த ஒரு மகாநாட்டுக்காக அவர் காரில் புறப்பட்டார். பிரான்ஸ் தேசத்தில், மெட்ஸ் நகருக்கு அருகே கார் விபத்துக்கு உள்ளாயிற்று. செப்டம்பர் 5-ந் தேதி அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 62. எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பியவர், தாம் படுத்துக் கிடக்கும் முதுமையைக் காணாமலே போய்விட்டார்.

அவருக்குப் பின்

அவர் மறைந்த அதே 1960-ல், உல்வர்ஹாம்டன் நகரத்து டாக்டர் ஜோசப் ஷெல்டன் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். 202 பேருக்கு நேர்ந்த 500 விழுதல்களை அவர் ஒவ்வொன்றாக விசாரித்திருந்தார். இடறியோ வழுக்கியோ தற்செயலாக விழுந்தவை மூன்றில் ஒரு பங்குதான். மற்றவற்றுக்கு உடலுக்குள்ளேயே காரணம் இருந்தது. தலைசுற்றல், காலின் பலவீனம், சாய்ந்த உடலைச் சமாளித்து நிமிர்த்த முடியாமை போன்றவை அவை. வயதானால் விழுவது சகஜம் என்று விட்டுவிடாமல், விழுந்ததற்கும் காரணம் தேட வேண்டும் என்ற பாதை இதனால் திறந்தது. கட்டில் கட்டிலாகக் காரணம் தேடிய அம்மையாரின் வழியும் அதுவே அல்லவா?

காரணம் தெரிந்தால் பரிகாரமும் உண்டு. நியூசிலாந்தில் ஒட்டாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஒரு வீட்டுப் பயிற்சி முறையை வகுத்தார்கள். 80 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு அதைக் கற்பித்துச் சோதித்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். பிசியோதெரபி நிபுணர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுப்பார். கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலைத் தூக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒற்றைக் காலில் நிற்பது, பின்னோக்கி நடப்பது, பக்கவாட்டில் நடப்பது ஆகியவை அந்தப் பயிற்சிகள். ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியைத் தொட நடப்பதும் அவற்றில் ஒன்று. நம் கோயில்களில் செய்யும் அடிப்பிரதட்சிணத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு அரை மணி நேரம். இவற்றோடு நடைப் பயிற்சி. இந்த முறையைச் சோதித்த நான்கு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுதல்கள் 35 சதவிகிதம் குறைந்திருந்தன!

2019-ல் உலகெங்கும் நடந்த 108 ஆராய்ச்சிகள் ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கப்பட்டன. அவற்றில் பங்கு கொண்டவர்கள் 23,000-க்கும் மேற்பட்டவர்கள். உடற்பயிற்சி செய்த முதியவர்களிடம் விழுதல்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகின்றன என்று அந்தத் தொகுப்பு கூறியது. அதிலும் சமநிலைக்கான பயிற்சிகளால் வரும் பலன் மிக உறுதியாகத் தெரிந்தது. விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இந்த எண்ணிக்கையை நினைத்தால், ஒற்றைக் காலில் நிற்கும் அப்பியாசம் விளையாட்டுக் காரியமாகத் தோன்றாது.

இந்தப் பயிற்சியை இஷ்டம்போல் ஆரம்பித்துவிடக்கூடாது. டாக்டரோ பிசியோதெரபி நிபுணரோ பார்த்து, அவரவர் உடலுக்கு ஏற்றபடி சொல்லித்தர வேண்டும். பிடித்துக்கொள்ள உறுதியான மேஜையோ சுவரோ அருகில் இருக்க வேண்டும். பலம் கூடக் கூடப் பயிற்சியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்க வேண்டும். நிறுத்திவிட்டால் பலனும் நாளடைவில் போய்விடும்.

பிரிட்டனில் ஏற்றிய விளக்கின் ஒளி சென்னைக்கும் வந்தது. பிரிட்டனில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் வி. எஸ். நடராசன், 1978-ல் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு மேற்பட்டப் படிப்பும் ஏற்பட்டது.

வீட்டில் வயதான தாயாரோ தகப்பனாரோ ஒரு தடவை கால் இடறினால் போதும், நாம் பதறிப்போய்க் கட்டிலைக் காட்டுகிறோம். தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறோம். சோற்றைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். எழுந்திருக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறோம். அன்புதான் அது. ஆனால் ஐல்வொர்த்தின் 714 கட்டில்களில் படுத்திருந்தவர்களுக்கும் அப்படித்தான் சோறும் தண்ணீரும் வேளை தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவர்களுக்குக் கிடைக்காமல் இருந்தது, கையைப் பிடித்து எழுப்பி நிறுத்த ஓர் ஆள். அந்த ஆளாக வந்தவர் வாரன் அம்மையார். அந்த ஒரு கையை நீட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரால் முடியும்.